அமெரிக்கப் பாடமும் நம்ம சேர்வராயன் மலையும்



போன மாசம் சமூக அறிவியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நம்ம கையெழுத்துப் பத்திரிகைக்கு அமெரிக்காவைப் பத்தி ஒரு கட்டுரை எழுது. வரலாறு, அரசாங்கம், மக்கள் மூணும் வரணும்" என்று சொன்னார்கள். நானும் நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதி முடித்தேன். அன்று இரவு வீட்டில் அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எங்க ஆயா (அப்பாவைப் பெற்றவர்) மூன்றே மூன்று கேள்வி கேட்டாங்க.

"அந்த ஊர்ல முதல்ல யாரு இருந்தாங்க? அப்புறம் யாரு யாரு வந்தாங்க? இப்ப யாரு பேச்சு அங்க எடுபடுது?"

எங்க ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் முதல் கேள்வி வரலாறு, இரண்டாவது கேள்வி பண்பாடு, மூன்றாவது கேள்வி அரசாங்கம். டீச்சர் சொன்ன அதே மூன்று தலைப்பு! "இதே மூணு கேள்வியை நம்ம மலைகிட்ட கேட்டா என்ன பதில் வரும்?" என்று எனக்குத் தோன்றியது. அந்த நான்கு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக எழுதியதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான். இரண்டு இடைவேளையில் படித்து முடித்துவிடலாம்.

முதல்ல யாரு இருந்தாங்க?

கொலம்பஸ் 1492-ல் கப்பல் ஏறியது எதற்கு? மிளகு முதலான வாசனைப் பொருள்கள் கிடைக்கும் நம் பக்கத்து நாடுகளுக்குக் கடல் வழி தேடித்தான். போய்ச் சேர்ந்ததோ வேறு ஒரு பூமி. அதை இந்தியா பக்கம் என்றே நினைத்துக்கொண்டு, அங்கே இருந்த மக்களை 'இந்தியர்' என்று கூப்பிட்டார். தப்பாக வைத்த பெயர் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டது. அந்த மக்கள் அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு நூற்றுக்கணக்கான சொந்தப் பெயர்கள் இருந்தன. யாரும் கேட்கவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் உதவித்தொகைப் பட்டியல் வாசித்தபோது என் பெயருக்குப் பக்கத்தில் 'மலையாளி' என்று வந்தது. உடனே பின் பெஞ்சிலிருந்து, "நீ கேரளாவா? எங்க, மலையாளம் பேசு பாப்போம்" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு? தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். நாங்கள் கேரளாக்காரர்கள் இல்லை. மலை + ஆளி = மலையாளி. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று அர்த்தம். எங்கள் பேச்சு தமிழ்தான். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் நாங்களே. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மூன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கிறோம்.

எங்கள் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலை ஏறி வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்கினார். நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனார். சின்னண்ணன் கொல்லிமலைக்குப் போனார். இது வாய்வழியாக வந்த கதை. கல்வெட்டுச் சான்று கிடையாது. ஆனால் மூன்று மலை மக்களும் இன்றைக்கும் ஒருவரை ஒருவர் பங்காளி மாதிரி நினைப்பதற்கு இந்தக் கதைதான் காரணம்.

எங்களுக்கும் முன்னால் இங்கே ஆள் இருந்திருக்கிறார்கள். சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்து வழவழப்பான கல் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மலைக் கோயில்களில் அப்படிப்பட்ட கற்களைச் சாமியாக வைத்துக் கும்பிட்டதும் உண்டு. ஆகவே 'முதல்ல யாரு?' என்ற கேள்விக்கு அடியில் இன்னொரு 'முதல்ல யாரு?' இருக்கிறது. இதை அமெரிக்காவுக்கும் சொல்லலாம், நமக்கும் சொல்லலாம்.

துணுக்கு: இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை 1863-ல் சென்னைப் பல்லாவரத்தில் முதன்முதலில் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் வந்து தங்கிய ஊர் எது தெரியுமா? நம்ம ஏற்காடு! 1912-ல் காலமானார். அவருடைய நினைவுக்கல் இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. நாம் அந்த வழியாகத்தான் கடைக்குப் போகிறோம். எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அப்புறம் யாரு யாரு வந்தாங்க?

அமெரிக்காவுக்கு ஆங்கிலேயர் 1607-ல் வந்து ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் குடியேறினார்கள். 1619-ல் ஆப்பிரிக்க மக்களை அதே வர்ஜீனியாவுக்கு விலங்கு மாட்டிக் கொண்டுவந்தார்கள். பிறகு அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, சீனா, மெக்சிகோ, இந்தியா என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் மக்கள் போனார்கள். சிலர் தானாகப் போனவர்கள். சிலர் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். சிலர் பஞ்சத்துக்குத் தப்பிப் போனவர்கள். வந்த விதம் வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது.

நம்ம மலைக்கு வருவோம். 1792-ல் திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் நடந்த உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்குப் போயின. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். குளிர்ச்சி, மழை, நிழல் மூன்றும் காப்பிக்குப் பிடித்துப் போயின. காடு எஸ்டேட் ஆனது. 

எஸ்டேட்டுக்குத் துரைமார் வந்தார்கள். காப்பி பறிக்கவும் களை வெட்டவும் கீழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் மலை ஏறின. கடை வைக்க வியாபாரிகள் வந்தார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்தன. பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் வந்து பள்ளிகள் திறந்தார்கள். மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. இன்றைக்கும் எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் வந்து இந்த ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காக்பர்ன் இங்கே காப்பி நட்டு அதிக காலம் ஆவதற்குள், 1830-ல், அமெரிக்காவில் 'இந்தியர் வெளியேற்றச் சட்டம்' வந்தது. தெற்கே இருந்த செரோக்கி மக்களை 1838-ல் ராணுவத்தை வைத்து மேற்கே நடத்திக் கொண்டுபோனார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 'கண்ணீர்ப் பாதை' என்று அதற்குப் பெயர். நம்ம மலையில் அப்படி ராணுவம் வந்து விரட்டவில்லை. ஆனால் காடு கை மாறியது. கொஞ்சம் காப்பித் தோட்டம் ஆனது. 1882-ல் வந்த மதராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு மிச்சத்தில் பெரும்பகுதி காப்புக் காடு ஆனது. சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்களுக்கு, எது நம் காடு, எது அரசாங்கத்துக் காடு, எது துரை காடு என்று பார்த்து நடக்க வேண்டிய காலம் வந்தது. சண்டை இல்லாமலும் ஒரு மலை கை மாறும் என்பது எனக்கு இதில் தெரிந்தது.

மனிதர்கள் மட்டுமா வந்தார்கள்? ஒரு நாள் எஸ்டேட் பக்கம் நடந்து போகும்போது எண்ணிப் பாருங்கள்.

காப்பி: எத்தியோப்பியாவில் பிறந்து அரபு நாடு வழியாக வந்தது.
சில்வர் ஓக்: ஆஸ்திரேலியா.
சௌசௌ, வெண்ணெய்ப் பழம் என்கிற பட்டர் ஃப்ரூட்: மெக்சிகோ பக்கம்.
கொய்யா, உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய்: எல்லாம் அமெரிக்கக் கண்டங்கள்.
மிளகு, பலா: நம்ம நாட்டு மலைகளுக்கே சொந்தம்.

மிளகாய் என்ற பெயரைப் பாருங்கள். மிளகு போலக் காரமாக இருந்த காய், அதனால் மிளகாய். மிளகைத் தேடிப் போன கொலம்பசுக்கு மிளகு கிடைக்கவில்லை, மிளகாய்தான் கிடைத்தது. அது கப்பல் ஏறி நம்ம ஆயா அம்மிக்கு வந்துவிட்டது. ஆஸ்திரேலியா மரத்தில் நம்ம ஊர் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, கீழே ஆப்பிரிக்கக் காப்பி காய்க்கிறது. மூன்றும் ஒரே மழையில்தான் நனைகின்றன.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சுமார் 1,620 மீட்டர் உயரத்தில் குகைக்குள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மலையைச் சுற்றி உள்ள ஊர்களிலிருந்து எங்கள் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அதே மாதம் ஊருக்குள் கோடை விழா மலர்க் கண்காட்சி. கிறிஸ்துமஸுக்குத் தேவாலயங்களில் விளக்கு எரியும். ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டுப் பிரியாணி எங்கள் வீட்டுக்கு வரும். அமெரிக்காவை 'எல்லாம் உருகிக் கலந்த பாத்திரம்' என்று சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உருகினால் எது எது என்று தெரியாமல் போய்விடும். கதம்பம் என்று சொன்னால் சரி. கதம்பத்தில் மரிக்கொழுந்து மரிக்கொழுந்தாகவே மணக்கும்.

இப்ப யாரு பேச்சு எடுபடுது?

இதுதான் கஷ்டமான கேள்வி.

அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் பிரிட்டிஷ் ராஜாவிடம் கேட்டதும் இதைத்தான். "எங்களுக்குப் பார்லிமெண்டில் ஆள் இல்லை, எங்களைக் கேட்காமல் எப்படி வரி போடுவீர்கள்?" என்று சண்டை வந்தது. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். 1776 ஜூலை 4-ல் விடுதலைப் பிரகடனம் செய்தார்கள். 1787-ல் அரசியல் சட்டம் எழுதினார்கள்.

அவர்கள் அரசாங்கமும் நம் அரசாங்கமும் சுருக்கமாக:

அங்கே 50 மாநிலங்கள். தலைவர் ஜனாதிபதி. 4 வருஷப் பதவி. இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது.
அங்கே சட்டம் இயற்றும் சபை இரண்டு. செனட்டில் மாநிலத்துக்கு 2 பேர் வீதம் 100 பேர். பிரதிநிதிகள் சபையில் 435 பேர்.
இங்கே ஆட்சி நடத்துவது பிரதமரும் அமைச்சரவையும். மக்களவையில் 543 இடம். நம் சட்டமன்றத்தில் 234 இடம்.
எழுதி வைத்த அரசியல் சட்டம், அடிப்படை உரிமைகள், சட்டத்தையே சோதித்துப் பார்க்கும் உச்ச நீதிமன்றம் ஆகியவை இரண்டு நாட்டுக்கும் பொது. நம் அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவர் டாக்டர் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

ஆனால் அவர்களுடைய சட்டத்தில் 'மக்கள்' என்று எழுதியபோது எல்லோரும் அதில் சேரவில்லை. அடிமை முறை, 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபிறகுதான் ஒழிந்தது. பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டு 1920-ல். முதலில் அங்கே இருந்தவர்களான பழங்குடி மக்கள் அனைவருக்கும் குடியுரிமை 1924-ல்தான்! அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் அவர்கள் ஓட்டுப் போட 1948 வரை காத்திருந்தார்கள். கறுப்பின மக்களின் ஓட்டைக் காப்பாற்ற 1965-ல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. முதலில் இருந்தவர்கள் கடைசியில் எண்ணப்பட்டார்கள்.

நம் நாட்டில் 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. 1989-லிருந்து வயது 18. எங்க ஆயா கைநாட்டுதான். ஆனால் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இதில் நாம் அமெரிக்காவைவிட முந்திக்கொண்டோம் என்று பெருமையாகச் சொல்லலாம்.

1946-ல் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளுக்காகப் பேசிய ஜெய்பால் சிங் முண்டா ஒரு கருத்தைச் சொன்னார். பழங்குடி மக்களுக்கு யாரும் ஜனநாயகம் சொல்லித்தர வேண்டாம், அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அது. எங்கள் ஊர்களை நினைத்தால் அது புரிகிறது. சேர்வராயன் மலை முன்பு நாடு நாடாகப் பிரிந்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித்தான் வழக்கு தீர்ப்பார்கள். ஆனால் ஒரு குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்காரவில்லை என்று ஆயாவே சொல்றாங்க.

இப்போது சட்டமன்றத்துக்கு வருவோம். 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு. இன்னொன்று கொல்லிமலை சேர்ந்த சேந்தமங்கலம். பெரியண்ணனுக்கு ஒன்று, சின்னண்ணனுக்கு ஒன்று! நடுவண்ணனுக்கு? பச்சைமலைப் பக்கம் உப்பிலியபுரம் என்று ஒரு பழங்குடித் தொகுதி இருந்தது. 2008 தொகுதிச் சீரமைப்பில் அது போய்விட்டது. அதே சீரமைப்பில்தான், மலைக்குக் கீழே சேலம் இருந்தும், ஏற்காடு கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள் போனது.

துணுக்கு: 'இவர்களில் யாருக்கும் இல்லை' என்கிற நோட்டா பொத்தான் தமிழ்நாட்டில் முதன்முதலில் வைக்கப்பட்டது எந்தத் தேர்தலில்? 2013 டிசம்பர் 4-ல் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில்.

அமெரிக்காவில் 550-க்கும் மேற்பட்ட பழங்குடி இனங்களுக்குத் தனி அரசாங்கமும் பலருக்குத் தனி நீதிமன்றமும் உண்டு. நம் நாட்டில் பழங்குடிப் பகுதிகளுக்கென அரசியல் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை இருக்கிறது. 10 மாநிலங்களில் அது நடைமுறையில் உள்ளது. அந்தப் பத்தில் தமிழ்நாடு இல்லை. ஆகவே அங்கெல்லாம் கிராம சபைக்கு 1996-ல் கிடைத்த கூடுதல் அதிகாரம் நம்ம மலைக்குக் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் உள்ள மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. மாவட்டப் பெயர் பட்டியலில் இல்லை என்பதுதான் காரணம். ஒரே ஜனம், மாவட்ட எல்லையைத் தாண்டினால் சான்றிதழ் கிடையாது. வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நம் பேச்சு எடுபடும் இடம் எது? இருக்கிறது. கிராம சபை.

ஏற்காட்டுக்கு எத்தனை சுற்றுலாப் பயணிகள் வந்தாலும், சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் நடப்பது ஊராட்சிதான். நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி என்று ஊராட்சிகள். 73-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தில் யாருக்கு உரிமை என்று விசாரிக்கத் தொடங்குவதும் இந்தக் கிராம சபைதான். நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் நாற்காலி காலியானாலும் ஊர் ஜனம் காலியாகாது இல்லையா?

ஒரு முறை ஆயாவோடு நானும் கிராம சபைக்குப் போனேன். ஆம்பளைங்க பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆயா எழுந்து நின்று, "எங்க தெருவுக்கு ஒரு தண்ணிக் குழாய் வேணும். கோடையில ரெண்டு பர்லாங்கு தூக்கிட்டு வர்றோம். அதை எழுதிக்கோங்க" என்றார்கள். யாரோ, "பாத்துக்கலாம் உக்காருங்க" என்றார். ஆயா உட்காரவில்லை. "எழுதினதும் உக்காருறேன்." எழுதினார்கள். படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தார்கள். கைநாட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

குழாய் இன்னும் வரவில்லை. ஆயா அடுத்த கூட்டத்துக்கும் போனாங்க.

பாஸ்டனில் தேயிலையைக் கொட்டியவர்கள் கேட்டதும், எங்க ஆயா கேட்டதும் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன்: எங்களைப் பற்றி முடிவு எடுக்கும் இடத்தில் எங்கள் பேச்சும் எழுதப்பட வேண்டும்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் இந்த மூன்று கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் தாத்தா மலைமேலேயே பிறந்தவரா? காப்பி பறிக்க வந்தவரா? கடை போட வந்தவரா? மாற்றல் உத்தரவில் வந்தவரா? எப்படி வந்திருந்தாலும் இது உங்கள் மலையும்தான். பதில்களை எழுதிக் கொடுத்தால் அடுத்த இதழில் 'நம்ம மலைக்கு வந்த கதை' என்று ஒரு தாளே ஒட்டலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு வேண்டுகோள். இனிமேல் யாருடைய பெயரோ இனமோ வாசிக்கும்போது புரியவில்லை என்றால் சிரிக்காமல் கேளுங்கள். கேட்டால் சொல்கிறோம்.

குறுவினாக்கள் (விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது)
1. 'மலையாளி' என்ற சொல்லைப் பிரித்து எழுதுக.
2. மிளகாய்க்கு அந்தப் பெயர் ஏன் வந்தது?
3. அமெரிக்கப் பழங்குடியினர் அனைவரும் குடியுரிமை பெற்ற ஆண்டு எது?
4. தமிழகச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கான இரண்டு தொகுதிகள் யாவை?
5. கிராம சபை நடக்கும் ஆறு நாள்களை எழுதுக.

பிழை இருந்தால் பொறுத்து, பென்சிலால் ஓரத்தில் குறித்து வையுங்கள். திருத்திக்கொள்கிறேன். 

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி